உதிரிக்கு வாங்கியது

என்னிடம் உள்ள இரண்டாவது கேமராவை நான் படம் எடுக்க வாங்கவில்லை. முதல் கேமராவுக்கு உதிரி எடுக்க வாங்கினேன். உள்ளே வேண்டியதைக் கழற்றிக்கொண்டு கூட்டைத் தூக்கிப்போடுவதாக ஏற்பாடு. அது 1992. இன்று சுனாபட்டி வீட்டில் ஒரு மர பீரோ நிறைய, மொத்தம் 41 கேமராக்கள் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் பீரோவைத் திறந்து பார்த்ததும் “இந்தச் சேகரிப்பு எப்ப ஆரம்பிச்சது?” என்றுதான் கேட்கிறார்கள். சேகரிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் உட்கார்ந்து நினைத்ததில்லை. ஒன்றைப் பிழைக்கவைக்க இன்னொன்று வந்தது. வந்ததையும் சாகவிட மனசு வரவில்லை. பீரோ நிறைந்தது அப்படித்தான்.

பம்பாயின் ஹார்பர் ரயில் லைனில் குர்லாவுக்கும் குரு தேக் பகதூர் நகருக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஸ்டேஷன் சுனாபட்டி. சுனா என்றால் சுண்ணாம்பு, பட்டி என்றால் சூளை. நம் பக்கத்தில் சொல்கிற சுண்ணாம்புக் காளவாய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ணாடிச் சித்திரங்களைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் விளக்குப் பெட்டிகளில் சுண்ணாம்புக் கட்டியைத்தான் வெண்மையாகப் பழுக்கும்வரை காய்ச்சி வெளிச்சம் உண்டாக்கினார்கள். புகைப்படக் கதையில் என் பேட்டையின் பெயருக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய சந்தோஷம்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தார். நான் பிறந்த பிறகு, ஊரில் இருந்த ஆச்சிக்கு என் முகத்தைக் காட்டுவதற்காக ஒரு கேமரா வாங்கினார். அக்ஃபா கிளிக் த்ரீ. அந்தக் காலத்தில் வீட்டில் கேமரா வைத்திருந்த பல குடும்பங்களில் அதுதான் இருந்தது. வெயில், மேகம் என்று லென்ஸைச் சுற்றி இரண்டு சின்னப் படங்கள். அன்றைக்கு வானம் எப்படியோ அதற்குத் தகுந்த படத்துக்கு நேரே முள்ளைத் திருப்பிவிட்டு அமுக்கினால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் எடுக்கலாம்.

அந்த எளிமைக்கு ஒரு பரம்பரை உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மேனின் கோடாக் கம்பெனி 1900-இல் ஒரு டாலருக்கு விற்ற பிரௌனி என்ற அட்டைப் பெட்டி கேமராதான் ஏழை வீட்டுக்குள் நுழைந்த முதல் கேமரா. அடுத்த வருஷம் வந்த இரண்டாம் நம்பர் பிரௌனிக்காகச் செய்த ஃபிலிமுக்கு 120 என்று பெயர் விழுந்தது. கிளிக் த்ரீக்கும் அதே 120 ஃபிலிம்தான். நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த ஃபிலிம் இன்றும் விற்கிறது. கேமராக்கள் எத்தனையோ வந்து போய்விட்டன, அந்தச் சுருள் போகவில்லை.

அக்ஃபா பெர்லினில் சாயம் காய்ச்சத் தொடங்கிய கம்பெனி. அந்தப் பெயரே அனிலின் சாயத் தொழிற்சாலை என்பதன் ஜெர்மன் எழுத்துச் சுருக்கம். அதன் மியூனிக் தொழிற்சாலை 1958-இல் கொண்டுவந்த கிளிக் ஒன்றின் தம்பிதான் நம் வீட்டுக்கு வந்த மூன்று. இதைச் செய்தவர்கள் பரோடாவில் இருந்த நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ். வெளிநாட்டுக் கேமராவை இறக்குமதி செய்வது சாதாரண ஆளுக்கு ஆகிற காரியமில்லை என்றிருந்த வருஷங்களில், ‘இந்தியாவில் செய்தது’ என்று மேலே பொறித்த இந்தக் கறுப்புப் பெட்டிதான் மில் தொழிலாளியின் சம்பளத்துக்கு எட்டியது.

பின்பக்கம் சட்டைப் பொத்தான் அகலத்துக்குச் சிவப்பு ஜன்னல் ஒன்று இருக்கும். ஃபிலிமை நகர்த்தும்போது அதன் முதுகுக் காகிதத்தில் அச்சடித்த எண்கள் அதன் வழியே தெரியும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை. ஆரம்பகால ஃபிலிம்களுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது, அதனால் சிவப்பு. சின்ன வயதில் அந்த ஜன்னலில் எண் வருகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. “ஏழு வந்துட்டுப்பா” என்பேன். “நிறுத்துல” என்பார்.

அப்பா வாங்கும் ஃபிலிம் அனேகமாக இந்து. நீலகிரியில், ஊட்டியில் செய்தது. மத்திய அரசு 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், பிரான்ஸின் பௌஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967-இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஃபிலிம் பூசுவதற்குத் தூசி இல்லாத குளிர்ந்த காற்று வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். இரண்டும் ஊட்டியில் கிடைத்தன. ஆலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கு இந்து நகர் என்றே பெயர். இந்து என்றால் நிலா. ஃபிலிமில் ஒளியைப் பிடிப்பது வெள்ளி உப்பு. வெள்ளி பூசிய ஃபிலிமுக்கு நிலாவின் பெயர் வைத்தவர் யாரோ, நல்ல மனசோடு வைத்திருக்கிறார். ரோல் டப்பாவைப் பிரிக்கும்போதெல்லாம் அப்பா “நம்ம ஊட்டியில செஞ்சதுல இது” என்று சொல்வார். அவர் ஊட்டிக்குப் போனதே கிடையாது. பம்பாயில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வதில் அவருக்கு ஒரு நிறைவு.

ஸ்டுடியோவில் கழுவி, நெகட்டிவின் அளவுக்கே அச்சடித்துத் தருவார்கள். ஆறு சென்டிமீட்டர் சதுரம், சுற்றிலும் வெள்ளை ஓரம். பெரிதாக்கினால் காசு. அதுதான் ஊருக்குப் போகும். அதற்கும் ஒரு சிக்கல் இருந்தது. இன்லாண்ட் கடிதத்துக்குள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது என்பது தபால் விதி. போட்டோ அனுப்ப வேண்டுமென்றால் கவர் வாங்க வேண்டும். எனவே மாதத்தில் மூன்று கடிதம் இன்லாண்டில் போகும், படம் கழுவி வந்த மாதத்தில் மட்டும் ஒரு கவர் போகும். தபால்காரர் கையில் கவரைப் பார்த்ததுமே தெருவே ஆச்சி வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும் என்று பெரியம்மா பிற்பாடு சொன்னாள். பிரித்துப் படிப்பதற்கு முன்பே அதில் முகம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

1982 ஜனவரி 18-இல் பம்பாய் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அறுபத்தைந்து மில்கள், இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். டத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய அந்தப் போராட்டம் முடிந்தது என்று யாரும் ஒரு நாளும் முறையாகச் சொல்லவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள். அப்பா தாராவியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனார். அந்த ஜனவரிக்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து ஊருக்கு இன்லாண்ட் மட்டுமே போனது. என்ன கஷ்டம் என்று அப்பா ஒரு வரிகூட எழுதவில்லை. கவர் வராததை வைத்தே ஆச்சி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள். கிளிக் த்ரீ துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

நான் சம்பாதிக்கத் தொடங்கியதும் எனக்கென்று ஒரு கேமரா வேண்டும் என்ற ஆசை வந்தது. 1988-இல், வளைகுடா விசாவுக்காக மஸ்ஜித் பந்தர் பக்கத்து லாட்ஜில் காத்திருந்த ஒரு ராமநாதபுரத்துக்காரர் தன்னுடைய ஜெனித்தை விற்க வேண்டிய நிலையில் இருந்தார். அந்த நாளில் வளைகுடாவுக்குப் போகிற தமிழரும் மலையாளியும் பம்பாய் வந்து ஏஜெண்டின் வார்த்தையை நம்பி மாதக்கணக்கில் தங்கிக் கிடப்பார்கள். கைக்காசு கரையக் கரைய முதலில் கடிகாரம் போகும், பிறகு ரேடியோ, அதன் பிறகு கேமரா. மூன்று தவணையில் பணம் கொடுத்து வாங்கினேன். கடைசித் தவணையைக் கொண்டுபோனபோது அவருக்கு விசா வந்திருந்தது. “உறையையும் வச்சுக்கங்க தம்பி, அங்க போயி புதுசா வாங்கிக்கிடுதேன்” என்றார்.

ஜெனித்–ஈ. மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்க் என்ற ஊரில் செய்தது. 1965 முதல் இருபது வருஷத்துக்கும் மேலாக, முப்பது லட்சத்துக்கு மேல் அந்த மாடலில் செய்து தள்ளியிருக்கிறார்கள். இந்தியாவும் சோவியத்தும் டாலர் இல்லாமல் ரூபாய்க் கணக்கில் வியாபாரம் செய்துகொண்டதால், அங்கிருந்து புத்தகங்கள் வந்ததுபோல் கேமராவும் நம் விலைக்கு வந்து சேர்ந்தது. லென்ஸோடு சேர்ந்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. கழுத்தில் மாட்டினால் வார் தோளில் பதியும். பேட்டரி கிடையாது. நெற்றியில் தேன்கூடு மாதிரி இருக்கும் செலினியம் தகடு, விழும் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்து முள்ளை அசைக்கும். வினாடியில் முப்பதில் ஒரு பங்கிலிருந்து ஐந்நூற்றில் ஒரு பங்குவரை ஐந்தே வேகங்கள். அதற்குமேல் மெதுவாகப் போக விரும்பினால் விரலை அழுத்திக்கொண்டு நீங்களே எண்ண வேண்டும்.

அதன் லென்ஸ் ஹீலியோஸ் 44. போருக்கு முன் ஜெர்மனியில் ஜெய்ஸ் கம்பெனி வடித்த பயோட்டார் என்ற லென்ஸின் வாரிசு. போர் முடிந்ததும் ரஷ்யர்கள் வரைபடங்களையும் கண்ணாடியையும் கொண்டுபோய்த் தங்கள் ஊரில் அதைச் செய்தார்கள். முகத்தைக் கூர்மையாக வைத்துப் பின்னாலிருக்கும் மரத்து இலைகளைச் சுழலவிடும். கிங்ஸ் சர்க்கிளில் வேப்பமரத்தடியில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவை அதில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. இலையெல்லாம் அவளைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். அதைவிட விலை உயர்ந்த லென்ஸ்கள் பிறகு வாங்கினேன். அந்தச் சுழலை வேறு எதுவும் தரவில்லை.

1992-இல் சித்தி மகள் கல்யாணம் மாட்டுங்காவில். படம் எடுக்கும் பொறுப்பு என்னிடம். மூன்று ரோல். கழுவி வந்தபோது முதல் படத்தைப் பார்த்து வயிற்றைப் பிசைந்தது. ஒவ்வொரு படத்திலும் ஒரு ஓரம், மேலிருந்து கீழ்வரை, தார் பூசியது போல் கறுப்பு. மேடையில் மாப்பிள்ளை வீட்டார் நின்ற பக்கம். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. சம்பந்தி அம்மா மட்டும், “எங்க பக்கத்து ஆளுங்க ஒருத்தரையும் காணலையே” என்றாள். முப்பது வருஷம் ஆகிவிட்டது. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

நடந்தது இதுதான். ஜெனித்துக்குள் ரப்பர் பூசிய இரண்டு கறுப்புத் துணித் திரைகள் இருக்கும். முதலாவது ஒதுங்கி வெளிச்சத்தை உள்ளே விடும், இரண்டாவது பின்னாலேயே ஓடிவந்து மூடும். இரண்டும் முழுசாகத் திறந்திருக்கும் கண நேரத்தில்தான் ஃபிளாஷ் வெட்ட வேண்டும். என் கேமராவில் முதல் திரை கெட்டிப்பட்டு, இழுக்கும் நாடாவும் நைந்து, சோம்பிப் போயிருந்தது. அது ஒதுங்கி முடிப்பதற்குள் இரண்டாவது கிளம்பிவிட்டது. ஃபிளாஷ் வெட்டியபோது ஓரத்தில் துணி நின்றது.

வி.டி. ஸ்டேஷனுக்கு எதிரே போரா பஜாரில் ரிப்பேர் பார்க்கும் ஒரு குஜராத்திப் பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். அவர் இந்தியில் சொன்னதன் சாரம்: “ரஷ்யாவே உடைந்து போய்விட்டது மகனே. ஸ்பேர் எங்கிருந்து வரும்? இன்னொரு ஜெனித் கொண்டுவா, செத்ததாக இருந்தாலும் சரி.”

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் சோர் பஜாருக்குப் போனேன். மட்டன் ஸ்ட்ரீட்டில் கடைகள் மற்ற நாட்களில் உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் தரையில் சாக்கு விரித்துப் பழஞ்சாமான் கொட்டுவார்கள். கையில் டார்ச் இல்லாமல் அங்கே போகக் கூடாது. பித்தளைக் குழாய்க்கும் தையல் மிஷின் தலைக்கும் நடுவில் ஒரு ஜெனித் முகம் குப்புறக் கிடந்தது. கண்ணாடி பாதியில் நின்று மாட்டிக்கொண்டிருந்தது, பட்டனை அமுக்கினால் அசையவில்லை. செத்ததுதான் வேண்டும் என்று போனவனுக்குச் செத்ததே கிடைத்தது. சந்தோஷமாக வாங்கிவந்தேன்.

பெரியவர் அடிமூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். திரையை விரல் நுனியால் தொட்டார். புதுப் பட்டு மாதிரி மெத்தென்று இருந்தது. “இதற்கு ஒன்றுமே இல்லை. கிரீஸ் காய்ந்து மணல் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இதைக் கழுவினால் ஓடும்” என்றார். “திரையை எடுத்துப் பழையதில் போடுங்களேன்” என்றேன். அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நன்றாக இருப்பதை அறுத்துச் சீக்காளிக்குப் போடச் சொல்கிறாயா? இதை நான் அறுக்க மாட்டேன்.” இருபது நிமிஷத்தில் பெட்ரோலில் கழுவி, ஊசிமுனையில் எண்ணெய் வைத்துக் கையில் கொடுத்தார். படக் என்று அடித்தது. அந்தச் சத்தத்தில்தான் என் பீரோ பிறந்தது.

வீட்டுக்கு இரண்டு ஜெனித்தோடு வந்தேன். ஒன்று சுகமாக, ஒன்று நொண்டியாக. “புதுசுதான் ஓடுதே, பழசை யாருக்காவது கொடுத்துருல” என்றாள் அம்மா. ராமநாதபுரத்துக்காரர் உறையோடு கொடுத்தது அது. கொடுக்க முடியவில்லை. அதற்குத் திரை தேடி மூன்றாவது ஜெனித் வாங்கினேன். அதன் லென்ஸில் பூஞ்சை கண்ணாடியையே அரித்திருந்தது, கூடு நசுங்கியிருந்தது. அதை அறுக்கப் பெரியவர் சம்மதித்தார். முதலாவது எழுந்து உட்கார்ந்தது. மூன்றாவது குடல் இல்லாமல் மேஜையில் கிடந்தது. நான்கு வருஷம் கழித்துத் திரைத்துணி ஒரு துண்டு கிடைத்தபோது முதல் வேலையாக அதைத்தான் எடுத்தேன்.

நோட்டுப் போட்டது அப்போதிலிருந்துதான். எந்தக் கேமராவின் எது எந்தக் கேமராவுக்குள் இருக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறேன். ‘மூன்றின் திரை ஒன்றில். பதினொன்றின் சுருள்வில் ஆறில். ஆறின் மேல்மூடி பதினெட்டில்.’ கொடுக்கல் வாங்கல் கணக்கு மாதிரி இருக்கும். 41-இல் யார் உடம்பிலும் யாருடைய உறுப்பும் இல்லாமல் தனியாக நிற்பவை ஏழெட்டுதான்.

ஜெனித்தோடு நிற்காமல் மற்றவை வந்ததற்கு ரிப்பேரே காரணம். ஒரு கேமராவைத் திறக்கக் கற்றுக்கொண்டவனிடம் பேட்டையில் உள்ள அத்தனை பேரும் பரணில் கிடப்பதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கோலிவாடாவிலிருந்து, செம்பூர் செட்டா நகரிலிருந்து, ரிட்டயர் ஆகி ஊருக்குத் திரும்புகிறவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி வந்ததுதான் அக்ஃபா ஐசோலெட். மடக்கினால் சோப்பு டப்பா அளவு, திறந்தால் ஆர்மோனியம் போல் துருத்தி நீளும். 1950-களின் ஜெர்மன் வேலை. அந்தக் கேமராவைத் தெரிந்தவர்களுக்கு அதன் இரண்டு நோய்களும் தெரியும். ஃபோகஸ் வளையத்தில் போட்ட பச்சை கிரீஸ் வருஷங்களில் அரக்காக இறுகி வளையத்தைத் திரும்பவிடாது. துருத்தியைத் தோலில் செய்யாமல் ஒருவகைச் செயற்கைத் துணியில் செய்தார்கள், மடிப்பு மூலைகளில் அது பொத்துப்போகும்.

பொத்தல் பார்க்கும் முறை எளிது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, துருத்திக்குள் டார்ச்சை வைத்து எரியவிட வேண்டும். எங்கள் வீட்டில் அன்றைக்கு அதைச் செய்தபோது மகள் கைதட்டினாள். கறுப்புத் துருத்தி முழுக்க நட்சத்திரம். அழகாகத்தான் இருந்தது. அதில் ஒன்று இருந்தால்கூட வெளிச்சம் கசிந்து ஃபிலிம் கெட்டுவிடும்.

புதுத் துருத்திக்குத் தோல் வேண்டும். பம்பாயில் தோலுக்கு நான் போகிற இடம் தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நம் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் வந்து தோல் பதனிட்டு உருவாக்கிய பேட்டை அது. இன்றும் பை, பர்ஸ், பெல்ட் என்று தோல்வேலை நடக்கிறது. அங்கே ஒரு சந்தில் பர்ஸ் தைக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் துருத்தியைக் கொடுத்தேன். வாழ்நாளில் அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இரண்டு தடவை இழுத்து மடக்கிப் பார்த்தார்.

“இது என்னவே, விசிறியா?”

“கேமராவுக்குள்ள இருக்கிறது அண்ணாச்சி. வெளிச்சம் ஒரு பொட்டுகூட உள்ள போகக் கூடாது.”

“மடிச்சா எவ்வளவு தடிமனு நிக்கணும்?”

விரலைக் காட்டினேன். அவர் தோலைத் தேய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “ஆட்டுத்தோலை வெங்காயத்தோலு கணக்கா சீவணும். நாலு நாளு ஆவும். ஒண்ணு கிழிஞ்சா இன்னொண்ணு.”

நாலு நாள் இருபது நாள் ஆயிற்று. கைக்கத்தியால் சீவிச் சீவி, மடிப்புக்கு மடிப்பு உள்ளே அட்டை விலா ஒட்டி, கறுப்புத் துணி வைத்துச் செய்திருந்தார். முதல் துருத்தி தடித்துப்போய் மூடி மூடவில்லை. இரண்டாவது மூடியது. அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்து டார்ச்சை உள்ளே வைத்தேன். ஒரு நட்சத்திரம் இல்லை. மறுநாள் அந்த ஐசோலெட்டிலேயே அண்ணாச்சியை அவர் கத்தியோடு உட்காரவைத்து எடுத்தேன். அவர் சீவிய தோல் வழியாகத்தான் அவர் முகத்து வெளிச்சம் ஃபிலிமுக்குப் போனது. அந்தப் படத்தைப் பெரிதாக அடித்துக் கொடுத்தேன். ஒன்று அவருக்கு, ஒன்று அவர் ஊருக்கு. பிறகு வந்த மூன்று மடக்குக் கேமராக்களுக்கும் துருத்தி அவர் கைதான்.

யாஷிகா எலெக்ட்ரோ 35-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். 1966-இல் வந்த ஜப்பான் மாடல். வெளிச்சத்தைத் தானே அளந்து ஷட்டர் வேகத்தைத் தானே முடிவு செய்யும். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்து என்னிடம் மூன்று சேர்ந்துவிட்டன. மூன்றுக்கும் ஒரே வியாதி. உள்ளே உளுந்து அளவுக்கு ஒரு ரப்பர் அட்டை, அது கரைந்து பசையாகிவிட்டால் வேகம் கணிக்கும் வேலை நின்றுவிடும். ஃபிலிமை நகர்த்தும்போது ‘டொக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அட்டை போய்விட்டது என்று அர்த்தம். அதற்கான பாதரச பேட்டரியும் இப்போது கிடையாது. சின்ன பேட்டரிகளை அடுக்கி ஒப்பேற்றுகிறேன். எவ்வளவு புத்திசாலிக் கேமராவோ அவ்வளவு சீக்கிரம் அநாதையாகிறது. எனக்கு ஜெனித் மேல்தான் பிரியம் என்பதற்கு இதுவும் காரணம்.

பம்பாயில் கேமராவின் முதல் எதிரி ஜூன் மாதம். நான்கு மாதம் மழை, சுவரே வியர்க்கும். லென்ஸுக்குள் சிலந்தி வலை போல் பூஞ்சை படரும், விட்டால் கண்ணாடியின் பூச்சைத் தின்னும். கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து லென்ஸ் செலவானது. தோல் உறைக்குள் வைக்கவே கூடாது, ஈரமும் பூஞ்சையும் அதில்தான் குடியிருக்கும். ராமநாதபுரத்துக்காரர் ஆசையாகக் கொடுத்த உறையையும் தனியாகத்தான் வைத்திருக்கிறேன். பீரோவின் அடித்தட்டில் ஒரு ஜீரோ வாட் பல்பு ஜூன் முதல் அக்டோபர் வரை அணையாமல் எரியும். தட்டுக்குத் தட்டு சிலிக்கா ஜெல். நீலமாக இருந்தால் உயிர் இருக்கிறது, ரோஜா நிறமானால் தண்ணீர் குடித்துவிட்டது. அடுப்பில் வறுத்தால் மறுபடியும் நீலமாகும். முதல் தடவை அதை அம்மாவின் தோசைக்கல்லில் வறுத்துவிட்டேன். அந்த நீலச் சாயம் உடம்புக்கு ஆகாதது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த அன்றைக்கே கல்லை மாற்றினோம். அதற்கென்று ஒரு தகரத் தட்டு இப்போது தனியாக இருக்கிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாவற்றையும் வெளியே எடுப்பேன். ஒவ்வொரு ஷட்டரையும் எல்லா வேகத்திலும் நாலைந்து தடவை அடிக்க வேண்டும். ஓடாத எண்ணெய் உறைந்துவிடும். கால் நீட்டி உட்கார்ந்து என் வீட்டுக்காரியும் பாதியை எடுத்துக்கொள்வாள். கண்ணை மூடிக்கொண்டே எது எந்தக் கேமரா என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள்.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர், பீரோவின் கீழ் இரண்டு தட்டும் மூழ்கின. பல்பை அணைத்து, மேல் தட்டுகளைப் பரணுக்கு ஏற்ற மட்டுமே நேரம் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் பதினாறு கேமராக்களைச் சேற்றிலிருந்து எடுத்தேன். சேறு காய்வதற்கு முன் நல்ல தண்ணீரில் அலசி, ஸ்பிரிட்டில் முக்கி, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி மொட்டைமாடியில் பாயில் பரப்பினோம். பக்கத்து வீடுகளில் அரிசியும் மெத்தையும் காய்ந்தன. எங்கள் பாயில் திருகாணிகள் காய்ந்தன. மூன்று யாஷிகாவில் இரண்டு போய்விட்டன. ஜெனித்துகள் ஒரு மாதம் இருமி எழுந்தன.

கீழ்த் தட்டில் அப்பாவின் கிளிக் த்ரீயும் இருந்தது. அவர் அதற்கு மூன்று வருஷம் முன்பு காலமாகியிருந்தார். அதற்குள் என்ன இருக்கிறது, ஒரு ஸ்பிரிங்கும் ஒரு தகடும்தான். தண்ணீரைக் கொட்டி, துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அமுக்கினேன். கிளிக் என்றது. அம்மா பாயின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டதும் அனிச்சையாகத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளே ஃபிலிம் இல்லை.

இதே மும்பையில் திலீஷ் பரேக் என்ற புகைப்படக்காரர் 1977 முதல் சேர்த்த 4,425 பழைய கேமராக்களுக்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவர். குருகிராமில் ஆதித்ய ஆர்யா என்ற புகைப்படக் கலைஞர் தன் சேகரிப்பை ஒரு முழு அருங்காட்சியகமாகவே ஆக்கியிருக்கிறார். அவர்கள் செய்திருப்பது ஊருக்கான காரியம், அதற்கு நான் தலைவணங்குகிறேன். என் பீரோவை அந்த வரிசையில் வைக்க முடியாது. லைக்கா என்று என்னிடம் ஒன்றும் கிடையாது. மில் சம்பளத்துக்கும், வளைகுடாத் தவணைக்கும், ரூபாய் வியாபாரத்துக்கும் எட்டியவை மட்டும்தான் இதில் இருக்கின்றன. பம்பாய்த் தமிழர்கள் ஊருக்கு முகம் அனுப்பிய கேமராக்கள் இவைதான். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பூட்ட எனக்கு விருப்பம் இல்லை. 41-இல் 26 இன்றைக்கு ஃபிலிம் போட்டால் படம் எடுக்கும். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டிருக்கிறேன்.

போரா பஜார் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய திருகுளிகளில் நான்கு என் மேஜையில் இருக்கின்றன. ஊட்டி ஆலையும் 1990-களில் நலிந்து, பிறகு மூடியே போயிற்று. பிரிக்காத இந்து ரோல் ஒன்று சிலிக்கா ஜெல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை மட்டும் எந்தக் கேமராவுக்கும் போட மாட்டேன்.

போன வருஷம் அடுத்த கட்டடத்துப் பெண், காலேஜில் படிக்கிறவள், ஃபிலிமில் எடுத்துப் பழக வேண்டும் என்று கேட்டு வந்தாள். போனில் ஆயிரம் படம் எடுக்கிற கை. யோசிக்காமல் இரண்டாம் நம்பர் ஜெனித்தைக் கொடுத்தேன். உதிரிக்கு என்று வாங்கிப் பெரியவர் அறுக்க மறுத்தாரே, அது. முப்பத்தாறு படம், ஐந்தே வேகம், எண்ணி எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு ரோல் நன்றாக எடுத்தாள். அவளுடைய பாட்டி சுனாபட்டி ரயில்வே கேட்டில் பையோடு நிற்கிற படம் ஒன்று, நானாக இருந்தால் எடுத்திருக்க மாட்டேன், அவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறாள்.

மூன்றாவது ரோலைக் கழுவிக்கொண்டு ஒரு புதன்கிழமை சாயங்காலம் வந்தாள். முகம் வாடியிருந்தது.

“அங்கிள், எல்லாத்துலயும் ஒரு சைடு கறுப்பா வருது. நான் ஏதாவது உடைச்சிட்டேனா?”

நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை நேர்கோடு.

“நீ ஒண்ணும் பண்ணலம்மா. வெள்ளிக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருப்பியா? கையில ஒரு டார்ச் எடுத்துக்கோ” என்றேன்.